நகையைக் கழற்றிவிட்டுப் பூசவும்

கடந்த ஆவணி மாதத்தில் அரியாலையில் என் தம்பியின் வீட்டில் ஒரு திருமணம் நடந்தது. மணமகள் என் பெறாமகள். மூன்று கிழமைகள் முன்னதாகவே கொழும்பிலிருந்து ஊருக்குப் போய்விட்டேன். ஓய்வுபெற்ற பத்திரிகையாளனுக்குக் கலியாண வீட்டில் பெரிய வேலை எதையும் நம்பிக் கொடுக்கமாட்டார்கள். அழைப்பிதழில் எழுத்துப் பிழை பார்ப்பதும் பந்தற்காரரோடு பேசிக்கொண்டிருப்பதும்தான் எனக்கு ஒதுக்கப்பட்ட பொறுப்புகள்.

ஓர் இரவு, சாப்பாடு முடிந்த பின்னர், அந்தப் பிள்ளை சங்கிலி, காப்பு, மோதிரம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"என்ன பிள்ளை, படுக்கப் போகேக்க நகை கழற்றுற பழக்கமோ?" என்று கேட்டேன்.

"இல்லைப் பெரியப்பா. முகத்துக்குக் கிறீம் பூசவேணும். நகையோட பூசக்கூடாது, பழுதாப் போகும் எண்டு தந்தவ சொன்னவ."

மேசையில் ஒரு சிறிய வெள்ளை டப்பி இருந்தது. வாங்கிப் பார்த்தேன். மூடியில் வெளிநாட்டுப் பெண் ஒருத்தியின் படம். தயாரித்தவர் பெயர் இல்லை; முகவரி இல்லை; உள்ளே என்ன இருக்கிறது என்ற குறிப்பு இல்லை; திகதி இல்லை. விலை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். கடையில் வாங்கியதன்று, தெரிந்தவர் ஒருவர் மூலம் வந்தது. நாற்பது ஆண்டுகள் செய்தி மேசையில் இருந்தவன், ஒரு தகவல் வந்தால் அது எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் பார்ப்பான். இந்த டப்பிக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை.

எனினும் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது நகை பற்றிய அந்த ஒரு வாக்கியந்தான். பொன்னும் வெள்ளியும் பாதரசத்தைத் தொட்டால் அதனோடு கலந்துவிடும். முற்காலத்தில் பொற்கொல்லர் முலாம் பூசியதும் இந்த இயல்பைக் கொண்டே. ஒரு முகப்பூச்சு நகையோடு சேரக்கூடாது என்றால் அதில் பாதரசம் இருக்கலாம் என்று ஐயுற வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் இதை ஓர் அடையாளமாகச் சொல்லியிருக்கிறது.

பாதரச உப்புகள் தோலுக்கு நிறந் தரும் மெலனின் உருவாவதைத் தடுக்கின்றன. ஆகவே முதற் சில கிழமைகளில் முகம் வெளுக்கத்தான் செய்யும். பூசியவர் மகிழ்ந்து அடுத்தவருக்கும் சொல்லுவார். கேடு அங்கேதான் இருக்கிறது. இந்தப் பொருள் ஏமாற்று அன்று. அது வேலை செய்கிறது. தோல் வழியே உள்ளே போன பாதரசம் சிறுநீரகத்திலும் தன் வேலையைச் செய்கிறது.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021ஆம் ஆண்டுக்கும் 2023ஆம் ஆண்டுக்கும் இடையில் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை அங்குள்ள வைத்தியர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்தப் பதினைவரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் கிறீம் பூசியவர்கள். 2024இல் சிறுநீரகவியல் ஆய்விதழ் ஒன்றில் இது வெளிவந்தது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை அழகுப் பொருள்களில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருப்பதை முன்னரே விலக்கியிருந்தது. 2023இல் கூடிய அதன் மாநாடு, 2025ஆம் ஆண்டுடன் அதனை முற்றாக ஒழிக்கவேண்டும் என்று தீர்மானித்தது. இலங்கையும் அதில் ஒரு தரப்புத்தான். ஆனால் உடன்படிக்கைகள் கப்பலில் வரும் பெட்டியைத் திறந்து பார்க்கும். தெரிந்தவரின் கைப்பையைத் திறந்து பார்க்கமாட்டா.

மறுநாள் அவளை வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். சிறுநீர்ப் பரிசோதனையில் குற்றமில்லை. பத்து நாள்தான் பூசியிருந்தாள். டப்பியை நிறுத்தும்படி சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் கேட்டாள்: "சரி பெரியப்பா, இது வேண்டாம் எண்டுறியள். அப்ப மலிவா, உண்மையா வேலை செய்யிற சாமான் என்ன? அதைச் சொல்லுங்கோ."

நியாயமான கேள்வி. "கூடாது" என்று எழுதுவது பத்திரிகைக்காரருக்கு எளிது. "பின் எது?" என்று கேட்டால் நாம் பெரும்பாலும் அடுத்த பந்திக்குப் போய்விடுவோம். இம்முறை தப்ப முடியவில்லை. மீதி நாள்களில் தோல் வைத்தியர் ஒருவரிடமும் மருந்துக்கடைக்காரர் ஒருவரிடமும் ஊரிலுள்ள மூதாட்டிகளிடமும் விசாரித்தேன். அத்தோடு என் சொந்த நினைவையும் கிளறிப் பார்த்தேன்.

1990 ஆனியில் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டின்மேல் பொருளாதாரத் தடை விழுந்தது. பத்திரிகைகளைக் கோடு போட்ட கொப்பித் தாளிற்கூட அச்சிட்ட காலம் அது. சவர்க்காரம் கைக்கெட்டாத பொருளானது. ஒரு காலத்தில் சவர்க்காரம் நம் ஊரிலேயே செய்யப்பட்டது. மில்க்வைற் சவர்க்காரத்தை அறியாத யாழ்ப்பாணத்தவர் அன்று இல்லை. அதன் அதிபர் கனகராசா பனை நடுகைக்காகப் பாடுபட்டவர் என்பதையும், 'மில்க்வைற் செய்தி' என்ற இதழை வெளியிட்டவர் என்பதையும் பழைய வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். தடைக்காலத்தில் அந்தப் பனைதான் எங்களுக்குக் கைகொடுத்தது. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். நன்றாக நுரைத்தது, அழுக்கும் போனது. காயப்போட்ட சட்டையை வாசனைக்கு மாடு வந்து சப்பிவிட்டுப் போனதும் உண்டு.

அந்த நுரையின் காரணம் எனக்குப் பிற்காலத்திலேயே தெரிந்தது. பனம்பழக் களியில் சபோனின் என்னும் நுரைக்கும் பொருள் இருக்கிறது. சீயாக்காயில் இருப்பதும் அவ்வகைப் பொருள்தான். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல்லின்மேல் கிடக்கும் நிலம். நம் கிணற்று நீர் வன்னீர். சவர்க்காரம் அந்நீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து வெண்ணிறக் கசடாகி மயிரில் ஒட்டிக்கொள்ளும். அரியாலையின் கடல்நீரேரிப் பக்கக் கிணறுகளில் உவரும் சேரும். சவர்க்காரம் போட்டு முழுகிய தலை தும்புபோல நிற்பதற்கு இதுவே காரணம். ஷாம்பும் சீயாக்காயும் அப்படிக் கசடாவதில்லை. எனவே "இயற்கைச் சவர்க்காரம்" என்று அதிக விலைக்கு விற்கும் கட்டியைத் தலைக்குத் தேய்ப்பதைவிட, நம் ஊர்த் தண்ணீருக்குச் சாதாரண ஷாம்புப் பொட்டலம் மேலானது.

அந்தப் பொட்டலத்தின் கதையும் சொல்லத்தக்கது. தமிழ்நாட்டின் கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பவர், கூலித் தொழிலாளிக்கும் எட்டும்படி பொருள்களைச் சிறு பொட்டலங்களில் அடைத்து விற்கலாம் என்று கண்டார். அவருடைய மகன் ரங்கநாதன் 1983இல் பதினையாயிரம் இந்திய ரூபாயோடு தொடங்கிய சிக் ஷாம்பு, பெரிய நிறுவனங்களையே பொட்டலத்துக்கு இறங்கி வரச் செய்தது. மலிவு என்பது தரக்குறைவு அன்று என்பதற்கு நம்மவர் காட்டிய சான்று அது.

இனி, அவளுக்கு நான் எழுதிக் கொடுத்த பட்டியல்.

முழுகுவதற்கு முன் தலைக்குத் தேங்காய் எண்ணெய். இது பாட்டிமார் சொன்னதோடு நிற்கவில்லை. தேங்காய் எண்ணெய் மயிரின் உள்ளே ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அதைச் செய்வதில்லை என்றும் 2003இல் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டியது. ஆனால் மயிர் வளரச் செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். எண்ணெய் இருப்பதைக் காக்கும், இல்லாததை முளைப்பிக்காது. பொடுகு தீராவிட்டால் கீற்றோகொனசோல் சேர்ந்த ஷாம்பை மருந்துக்கடையில் கேட்கலாம்.

வறண்ட தோலுக்கு வாசலின் என்று நாம் பொதுவாகச் சொல்லும் வெண்பரபின். குளித்தபின் ஈரம் உலருமுன் பூசினால் அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும். முகத்துக்கு மென்மையான சவர்க்காரம், ஒரு நாளைக்கு இருமுறை போதும்.

வெயிலுக்குக் குடை. வெயிற்காப்புக் கிறீம் நல்லதுதான். கறை விழுந்த முகத்துக்கு வைத்தியர் முதலில் சொல்வதும் அதுதான். ஆனால் 2022 நெருக்கடியில் ரூபாய் சரிந்த பின்னர் இறக்குமதிப் பொருள்களின் விலையை நான் சொல்லத் தேவையில்லை. குடையும் நீண்ட கைச்சட்டையும் ஒருமுறைச் செலவு.

பயற்றம் மா பூசலாம், தீங்கில்லை. தேசிக்காய்ச் சாறு மட்டும் வேண்டாம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுத்த தழும்பு விழும். இயற்கையானது எல்லாம் நல்லது என்பதும், விலை கூடியது எல்லாம் நல்லது என்பதும் ஒரே மூடநம்பிக்கையின் இரு முகங்கள்.

கடைசியாக ஒரு விதி. பெயரைப் பார்த்து வாங்காதே, உள்ளடக்கத்தைப் பார்த்து வாங்கு. இது என் கண்டுபிடிப்பு அன்று. பேராசிரியர் சேனக பிபிலே மருந்து விடயத்தில் இந்நாட்டுக்குச் சொன்னது. 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். விளம்பரப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயரைப் பார்த்து வாங்கினால் ஏழை நாடும் தன் மக்களுக்கு மருந்து கொடுக்க முடியும் என்று காட்டினார். முகப்பூச்சுக்கும் அதே கணக்குத்தான். உள்ளடக்கமே எழுதப்படாத டப்பி எவ்வளவு மலிவானாலும் வாங்கக்கூடாது. கண்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம்.

பட்டியலை வாசித்துவிட்டு அவள் சிரித்தாள். மொத்தச் செலவு அந்த டப்பியின் விலையிற் பாதிக்கும் குறைவு.

"எல்லாம் சரி பெரியப்பா. ஆனா இதில நிறம் வாறதுக்கு ஒண்டும் இல்லையே."

"இல்லைத்தான். நிறத்துக்கு மலிவான, நல்ல சாமான் ஒண்டும் கிடையாது பிள்ளை. தேவையுமில்லை."

"தேவையில்லை எண்டு இப்ப சொல்லுறியள். உங்கட பேப்பரில கிழமைக்குக் கிழமை 'நிறமான மணமகள் தேவை' எண்டு போட்டவங்கள்தானே? என்ர குறிப்புக் குடுக்கேக்கையும் அப்பா 'பொது நிறம்' எண்டு எழுதித்தான் குடுத்தவர்."

எனக்குப் பதில் வரவில்லை.

நான் பணியாற்றிய பத்திரிகையில், தொடக்க காலத்தில் மணமக்கள் தேவை விளம்பரங்களைத் திருத்தும் வேலை சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. சொல் எண்ணிக்கைக்குக் காசு. "நல்ல வெள்ளை நிறமுடைய" என்று எழுதிக்கொண்டு வரும் தகப்பன்மாருக்கு, "நிறமான என்று போடுங்கோ ஐயா, இரண்டு சொல் மிச்சம்" என்று யோசனை சொல்லியவன் நான். உதவி செய்வதாகவே நினைத்தேன். கறுப்பும் ஒரு நிறந்தானே, அதனை ஏன் அந்தச் சொல்லிலிருந்து வெளியேற்றினோம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. 1975இல் இந்தியாவில் பிறந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் தன் பெயரிலிருந்து வெளுப்பைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது. வணிக நிறுவனமே வெட்கப்பட்டு ஒரு சொல்லை மாற்றிய பிறகும், நம் மண விளம்பரங்கள் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ரொறன்ரோவிலும் அந்தச் சொல்லைக் கைவிடவில்லை.

அந்த டப்பியைக் கொண்டுவந்தவரைக் குறைசொல்ல எனக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் விற்றது டப்பியை மட்டுந்தான். அதை வாங்கும் ஆசையை அதற்கு முன்பே கிழமைதோறும் அச்சிட்டு விற்றவர்கள் நாங்கள். சுங்கமும் அதிகாரசபையும் எத்தனை டப்பிகளைப் பிடித்தாலும், "நிறமான" என்ற சொல்லுக்கு வீட்டில் மதிப்பு இருக்கும்வரை அடுத்த டப்பி வந்துகொண்டே இருக்கும்.

திருமணம் நன்றாக நடந்தது. மணமகள் தன் நிறத்தோடும் தன் நகைகளோடும் மணவறையில் இருந்தாள். இரண்டு மாதங்களின் பின் படத்தொகுப்பு வந்தது. திறந்து பார்த்தால், படப்பிடிப்பாளர் யாரும் கேளாமலே கணினியில் அவளைச் சுண்ணாம்புபோல வெளுக்கச் செய்திருந்தார். இதனால் சிறுநீரகத்துக்குக் கேடில்லை என்று நான் ஆறுதல் சொன்னேன்.

அவள் தொகுப்பைத் திருப்பிக் கொடுத்து, உள்ளபடி அச்சிட்டுத் தரச் சொன்னாள். அதற்கு மேலதிகக் கட்டணம் கேட்டார்கள். அதை நான் கட்டினேன்.