நெகடிவுக்கு வாடகை

காஞ்சிபுரத்தில் மட்டுமல்ல, பக்கத்து முசரவாக்கத்தில்கூட இன்று டிஜிட்டல் கேமரா வராத கல்யாணம் கிடையாது. ஆனால், எடுத்த படத்தை எந்த மென்பொருளில் போட்டுச் சரிசெய்வது என்று கேளுங்கள். "அடோபிதான் சார், வேறென்ன இருக்கிறது?" என்பார்கள். அந்த 'வேறென்ன இருக்கிறது' மேல்தான் எனக்குக் கோபம்.

கேமரா தருகிற ரா பைல் அந்தக் காலத்து நெகடிவ் மாதிரி. சாதாரண ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தாம். 14 பிட் ரா பைலிலோ 16,384 படிகள். மண்டபத்து விளக்கில் அரக்குச் சேலை செங்கல் நிறமாகிவிட்டாலும், பிறகு நிதானமாக மீட்டுக்கொள்ளலாம். ஆகவே ரா பைலைத் திறக்கும் கருவி யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் நம் கல்யாணமும் இருக்கிறது.

போட்டோஷாப் 1990-இல் வந்தது, லைட்ரூம் 2007-இல். இரண்டும் மட்டமான சரக்கு என்று நான் சொல்லவில்லை, பிரமாதமான கருவிகள். என் வழக்கு வேறு. 2013-இல் அந்தக் கம்பெனி போட்டோஷாப்பின் புதுப் பதிப்புகளை விலைக்கு விற்பதை விட்டுச் சந்தாவுக்கு மாறியது. 2015-இல் வந்த லைட்ரூம் 6-தான் ஒரே தடவை பணம் கொடுத்து வாங்கக்கூடிய கடைசி லைட்ரூம். இன்று சந்தா நின்றால் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம். திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். வாடகை நின்றுவிட்டது, பாதி நெய்த சேலையைப் பார்க்கலாம், தொடக்கூடாது என்று எவனாவது சொன்னால் காஞ்சிபுரத்து நெசவாளி சும்மா இருப்பாரா?

"அதற்குத்தான் திருட்டுப் பிரதி இருக்கிறதே" என்று கண்சிமிட்டுகிறவர்களும் உண்டு. வெட்கக்கேடு! கோர்வைச் சேலையை விசைத்தறி காப்பியடித்தால் கொதிக்கிற ஊர் இது. கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்க 1985-இல் சட்டமே செய்திருக்கிறார்கள். தன் உழைப்புக்கு நியாயம் கேட்கிறவன் பிறர் உழைப்பைப் பூட்டுடைத்து எடுப்பானா?

வேறென்ன இருக்கிறது? டார்க்டேபிள் இருக்கிறது, ரா தெரப்பி இருக்கிறது, ஜிம்ப் இருக்கிறது. காசு வேண்டாம், திருடவும் வேண்டாம். "இலவசம் என்றால் இளப்பம்தானே?" என்கிறவர்களுக்கு ஒரே பதில்: பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். டார்க்டேபிள் முதல் வாரத்தில் மிரட்டத்தான் செய்யும், ஒப்புக்கொள்கிறேன். தறியும் முதல் வாரத்தில் மிரட்டும். பழக்கம் ஒருநாள் கைவந்துவிடும்; வாடகை ஒருநாளும் தீராது.

விலை கொடுத்து வாங்கிவிட்டால் மட்டும் நிம்மதி என்று எண்ண வேண்டாம். ஆப்பிள் கம்பெனி தன் அபெர்ச்சரை 2014-இல் கைவிட்டது. அதை நம்பினவர்கள் தவித்தார்கள். நிரல் திறந்து கிடக்கிற மென்பொருளை ஒருவர் விட்டாலும் இன்னொருவர் எடுத்து நடத்தலாம். ஒன்றில் செய்த திருத்தம் மற்றொன்றில் அப்படியே வராது என்பதையும் மறக்கக்கூடாது. அதனால் தேர்வை முதலிலேயே செய்யவேண்டும். முடித்த படத்தைத் தனியாகச் சேமித்து, ரா பைலையும் அழிக்காமல் வைக்கவேண்டும்.

படம் பிடிக்கிறவர்களுக்கு மட்டுமல்ல, பிடிக்கச் சொல்லுகிற குடும்பத்தாருக்கும் சொல்லுகிறேன்: ஆல்பத்தோடு ரா பைல்களையும் கேட்டு வாங்குங்கள். தாலி கட்டின நாளின் நெகடிவைத் திறந்து திருத்த, முப்பது வருஷம் கழித்து உங்கள் பேத்தி எவனுக்கும் மாத வாடகை கட்டவேண்டிய அவசியமில்லை.