தங்கத்தின் கீழிருப்பது

காற்றிலும் நீரிலும் ஆண்டாண்டாகக் கிடந்தாலும் களிம்பேறாத தங்கம், ரசாயன வினை எதிலும் கலவாது ஒதுங்கி நிற்கும் உலோகம் என்றே விஞ்ஞானிகள் வெகுகாலம் கருதிவந்தார்கள்; 1980களில் ஜப்பானிய விஞ்ஞானி மசதாகே ஹருதா, அதைச் சில நானோமீட்டர் பருமனுள்ள துகள்களாக்கி, இரும்பு, கோபால்ட் முதலியவற்றின் ஆக்சைடுகள்மீது படியவைத்து, கார்பன் மோனாக்சைடை உறைகுளிரிலும் ஆக்சிஜனேற்றிக் காட்டிய பிறகே அந்த எண்ணம் மாறிற்று. ஆயினும் கீர்த்தி முழுவதும் தங்கத்துக்கே போயிற்று. அதைத் தாங்கிநின்ற ஆக்சைடை, கச்சேரியில் தம்புராக்காரரை மறப்பதுபோல், பலரும் மறந்தார்கள். இது நியாயமன்று என்பதே என் கட்சி.

ஆல்கஹாலை ஆல்டிஹைடாக்கும் வினையையே எடுத்துக்கொள்வோம். வாசனைப் பொருள்களுக்கும் மருந்துகளுக்கும் இன்றியமையாத இதை ஆய்வகங்களில் நெடுங்காலம் ஆறு இணைதிறன் குரோமியத்தைக் கொண்டு நடத்திவந்தார்கள். அது நிலத்தடி நீரில் இறங்கினால் விளையும் துன்பத்தை ராணிப்பேட்டைவாசிகளுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்த விஷத்தை விடுத்துக் காற்றிலுள்ள பிராணவாயுவையே உபயோகிக்க நானோ துகள்கள் வழிகாட்டுகின்றன. ஆனால், வழி எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத் தீர்மானிப்பது, துகள்கள் அமர்ந்திருக்கும் அடிப்பொருளான தாங்கிதான். கரித்தூளின்மீது அமர்த்திய தங்கம், காஸ்டிக் சோடா போன்ற காரத்தைக் கூடச் சேர்த்தாலன்றிப் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. அதே தங்கத்தை, இயல்பிலேயே காரத்தன்மை வாய்ந்த ஹைட்ரோடால்சைட்டின்மீது வைத்தாலோ, வெளிக்காரம் வேண்டாமலே காரியம் நடந்துவிடுகிறது. 2005இல் ஸ்பெயினின் வாலன்சியாவில் அவெலினோ கோர்மாவின் குழுவினர் கையாண்ட சீரியம் ஆக்சைடு இன்னும் விசித்திரமானது: பிராணவாயுவைக் கொடுப்பதும் மீண்டும் வாங்கிக்கொள்வதும் சுபாவமாகவுள்ள அது, மிக நுண்ணிய படிகங்களாக இருக்கும்போது, தங்கத்தின் ஒரு பகுதியை நேர்மின்னேற்ற நிலையில் நிறுத்தி, கரைப்பானும் காரமுமின்றியே ஆல்கஹால்களை மாற்ற உதவுகிறது.

தாங்கி என்றும் நன்மையே செய்யும் என்று நான் வாதிக்கவில்லை. 1978இல் அமெரிக்காவில் டாஸ்டரும் அவருடைய சகாக்களும், டைட்டானியம் டை ஆக்சைடின்மீதிருந்த பிளாட்டினத்தை ஹைட்ரஜனில் 500 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கியபோது, அது ஹைட்ரஜனைப் பற்றிக்கொள்ளும் சக்தியைப் பெரிதும் இழந்துவிட்டது. தாங்கியே மெல்ல மேலேறி உலோகத்தைப் போர்த்திவிடுகிறது என்பது பின்னர்ப் புலப்பட்டது. இப்படி ஆக்கவும் கெடுக்கவும் வல்ல ஒன்றை வெறும் பீடமாக மாணவர்களுக்குப் போதிப்பது எவ்விதத்தில் பொருந்தும்?

உலோகத்தை மாற்றாமல் தாங்கியை மட்டும் மாற்றி, விளைவை ஒப்பிட்டறியும் சோதனை ஒன்றையேனும் முதுகலை வேதியியல் ஆய்வகப் பாடத்தில் சேர்க்குமாறு பாடத்திட்டக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.