கரைத்தமிழ் படித்த பாதிரியார்

வெளிநாடு போய் ஸ்பானிஷ் படிக்க நம் பக்கத்துப் பிள்ளைகளும் இப்போது கிளம்பிவிட்டார்கள். எந்த ஊருக்குப் போகலாம் என்று யோசிக்கும்போது முதலில் வரும் கேள்வி, "எங்கே சுத்தமாகப் பேசுவாங்க?" உறவுக்காரப் பெண்ணொருத்தி என்னிடமும் அதையே கேட்டாள். ஸ்பெயினின் சலமான்காவா, அர்ஜென்டினாவின் புவேனஸ் அயர்ஸா? தெருவை ஸ்பெயினில் பெரும்பாலும் 'காயே' என்பார்கள்; புவேனஸ் அயர்ஸில் அது 'காஷே'. 'நீ' என்பதற்கே அங்கே வேறு சொல். வினைமுற்றும் கூடவே மாறும். நான் அவளுக்குச் சொன்ன ஊர் புன்னக்காயல்.

தாமிரபரணி கடலில் சேரும் அந்தக் கரையில்தான், அந்நிய மொழியை அதன் மக்கள் நடுவே இருந்து கற்பது எப்படி என்பதற்கு நமக்குத் தெரிந்த பழைய உதாரணம் இருக்கிறது. அண்டிரிக் அடிகளார் என்று நாம் சொல்லும் என்றீக்கே என்றீக்கஸ், 1520இல் போர்ச்சுக்கலின் வில விசோசாவில் பிறந்த இயேசு சபைக்காரர். 1546இல் இந்தியா வந்து, பிறகு முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு முன் 1542இல் இங்கே வந்த பிரான்சிஸ் சவேரியார், உள்ளூர்க்காரர்களைக் கொண்டு செபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்து சொல்லிவந்தார். செபம் சொல்ல அது போதும். ஒருவர் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னால் காதுகொடுத்துக் கேட்கப் போதாது.

என்றீக்கஸுக்கு அகராதியும் இல்லை, போர்ச்சுக்கீசியத்தில் தமிழ் இலக்கணமும் இல்லை. லத்தீன் படித்த பழக்கத்தில், இறந்தகாலம் எப்படி வருகிறது, எதிர்காலம் எப்படி வருகிறது, வேற்றுமை உருபு எங்கே ஒட்டுகிறது, வாக்கியத்தில் எது முன்னே எது பின்னே என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். அதற்குப் பட்ட பாட்டை 1548ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். உடனிருந்த பாதிரிமார் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும், தவறினால் தண்டனை என்று ஒரு விதியும் இருந்தது. வெளிநாட்டில் மொழி படிக்கப் போய், அறைக்குத் திரும்பியதும் நம்மாட்களோடு தமிழ் பேசியே பொழுதைக் கழிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அந்த உழைப்பிலிருந்து பிறந்ததுதான் போர்ச்சுக்கீசியத்தில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம். அதன் கையெழுத்துப்படி லிஸ்பனில் இருக்கிறது. வி.எஸ். ராஜமும் ஜீன் ஹைனும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்தது. ஐரோப்பியர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் என்பதோடு அதன் மதிப்பு முடிந்துவிடவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் ஆட்கள் எப்படிப் பேசினார்கள் என்று ஆராய்கிறவர்கள் இன்று அதைத்தான் புரட்டுகிறார்கள். நம் இலக்கண ஆசிரியர்கள் பேச்சுவழக்குக்கு அவ்வளவு இடம் கொடுத்ததில்லை.

பிறகு அச்சு வந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். தமிழ் எழுத்தில் அச்சான, கைக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் அதுவே மூத்தது. 1586இல் 'அடியார் வரலாறு' அறுநூற்றுச் சொச்சம் பக்கத்தில் வந்தது. 1600இல் இறக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர் வாழ்க்கை இந்தக் கரையோடுதான்.

அவருக்குத் தமிழ் வாய்த்தது கடலுக்குப் போகிற பரதவர்களின் நடுவே. முத்துச் சலாபமும் சங்குகுளியும் தெரிந்தவர்கள். கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குக் காற்று பேர் வைத்திருப்பவர்கள். அவர்களைப் பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று யாரும் சொல்லமாட்டோம். ஆனால் அந்த இலக்கணத்துக்குப் பாடம் எடுத்தவர்கள் அவர்கள்தான்.

வெளிநாட்டிலிருந்து தமிழ் படிக்க வருகிறவருக்கு நாம் இன்றும் "அவர்கள் வந்தார்கள்" என்று சொல்லிக்கொடுத்து அனுப்புகிறோம். திருநெல்வேலி பஸ் நிலையத்தில் "அவிய வந்தாவளா?" என்று யாராவது கேட்டால் அவர் திகைத்து நிற்பார். தப்பு அவருடையதல்ல, இதைப் பாடத்தில் வைக்கக் கூச்சப்படுகிற நம்முடையது. ஏட்டுத்தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்றீக்கஸும் புத்தகம் எழுதத்தான் செய்தார். ஆனால் முதலில் பக்கத்துவீட்டாரோடு பேசப் படித்தார்.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு என் யோசனை: சுத்தமான ஊர் எது என்று தேடாதே. யாரோடு பேச ஆசையோ அவர்கள் இருக்கும் ஊருக்குப் போ. அவர்கள் தெருவை 'காஷே' என்றால் நீயும் 'காஷே' என்றே சொல்.