காசு கொடுத்து வாங்கின கேம் திடீர்னு ஓடாம போனா? சொந்தமா சர்வர் வைக்க என்னென்ன வேணும்? முழு விளக்கம்

கடையில் பணம் கட்டி ஒரு பொருளை வாங்குகிறோம். பத்து வருஷம் கழித்து, விற்ற நிறுவனமே வீட்டுக்கு வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனால் சும்மா இருப்போமா? வீடியோ கேம் உலகத்தில் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. இதற்கு எதிராக ஐரோப்பாவில் நடந்த கையெழுத்து இயக்கத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் பதிவாகின.

அவர்கள் கேட்பது ரொம்ப எளிமையான விஷயம். நிறுவனம் சர்வரை மூடிக்கொள்ளட்டும். ஆனால் வாங்கினவர்கள் தொடர்ந்து விளையாட ஒரு வழியை விட்டுவிட்டுப் போகட்டும். அந்த வழிகளில் ஒன்று, கேமர்கள் தாங்களே சர்வர் நடத்துவது. இது சாத்தியமா? என்னென்ன தேவை? இதில் நமக்கு என்ன? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிரச்னை எங்கே ஆரம்பித்தது?

யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட கார் ரேஸ் கேம், 'தி க்ரூ'. 2023 டிசம்பரில் இதன் விற்பனை நிறுத்தப்பட்டது. 2024 மார்ச் 31-ம் தேதி சர்வர்கள் மூடப்பட்டன. தனி ஆளாக விளையாடினாலும் இந்த கேமுக்கு இணைய இணைப்பு கட்டாயம். அதனால் சர்வர் போனதும் மொத்த கேமும் போச்சு. டிஸ்க் வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான்.

இதையடுத்து 2024 ஏப்ரலில் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் முன்னெடுப்பு முறையில் ஓராண்டு கையெழுத்து திரட்டப்பட்டு, 2025 ஜூலை 31-ல் முடிந்தது. இந்த முறையில் 10 லட்சம் செல்லுபடியாகும் கையெழுத்துகளும், குறைந்தது 7 நாடுகளில் தேவையான எண்ணிக்கையும் இருந்தால் ஐரோப்பிய ஆணையம் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் சட்டம் கொண்டுவந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

அமெரிக்காவில் யூபிசாஃப்ட் மீது வழக்கும் போடப்பட்டது. வாங்கியவர்களுக்குக் கிடைத்தது விளையாடுவதற்கான உரிமம்தான், கேமின் உரிமை அல்ல என்பது அங்கே நிறுவனத்தின் வாதம். சண்டையின் மையமே இந்த ஒரு வரிதான்.

டெடிகேட்டட் சர்வர்னா என்ன?

நாலு பேர் சேர்ந்து ஆடும்போது யார் எங்கே நிற்கிறார், யார் சுட்டது யார் மேல் பட்டது என்பதை ஒருவர் முடிவு செய்ய வேண்டும் இல்லையா? கேமில் அந்த அம்பயர் வேலையைச் செய்வதுதான் சர்வர். விளையாடுபவர்களில் ஒருவருடைய கம்ப்யூட்டரே அம்பயராக இருந்தால், அவர் எழுந்து போனதும் ஆட்டம் முடிந்துவிடும். அந்த வேலையை மட்டுமே பார்க்கத் தனியாக ஒரு கம்ப்யூட்டரை 24 மணி நேரமும் ஓட விட்டால், அது டெடிகேட்டட் சர்வர்.

இது புது விஷயம் ஒன்றும் இல்லை. 1996-ல் வந்த 'குவேக்' கேமுக்கு அப்போதே ரசிகர்கள் சொந்த சர்வர் நடத்தினார்கள். 1999-ல் அதன் மூல நிரலையே ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்டது. குவேக் இன்றைக்கும் ஆடப்படுகிறது. 2014-ல் வந்த 'தி க்ரூ' பத்து வருஷம்கூட தாண்டவில்லை.

சொந்தமா சர்வர் வைக்க என்ன தேவை?

செல்போனில் ஆடுபவர்களுக்குப் பழக்கமான மைன்கிராஃப்ட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் மொபைல் வகையான பெட்ராக் பதிப்புக்கு உபுண்டு லினக்ஸில் ஓடும் சர்வர் புரோகிராமை நிறுவனமே இலவசமாகத் தருகிறது.

1. இயந்திரம்: வாடகைக்கு எடுப்பதுதான் வழக்கம். டேட்டா சென்டரில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் ஒரு பங்கை மாத வாடகைக்குத் தருவார்கள். இதற்கு விபிஎஸ் என்று பெயர். இன்டெல், ஏஎம்டி வகை பிராசஸரா என்று பார்த்து எடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏஆர்எம் வகையை எடுத்தால் பல கேம் சர்வர்கள் நேரடியாக ஓடாது.

2. பிராசஸர் வேகம்: எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் முக்கியம். மைன்கிராஃப்ட் சர்வர் ஒரு நொடியில் 20 முறை உலகத்தைக் கணக்குப் போடுகிறது. ஒரு கணக்குக்கு 50 மில்லிசெகண்ட்தான் நேரம். அதில் பெரும்பகுதி வேலை ஒரே கோரில்தான் நடக்கும். நேரம் தாண்டினால் எல்லோருக்கும் லேக்.

3. ரேம்: கேமைப் பொறுத்தது. நண்பர்கள் சிலர் ஆடும் மைன்கிராஃப்ட்டுக்குச் சில ஜிபி போதும். ஆனால் 2024-ல் வந்த 'பால்வேர்ல்ட்' சர்வருக்கு 16 ஜிபி வேண்டும் என்று அதன் வழிகாட்டியே பரிந்துரைக்கிறது. குறைவான ரேமில் ஆரம்பிக்கும், ஆனால் ஆட்டம் வளர வளர நினைவகம் தீர்ந்து பாதியில் நின்றுவிடும்.

4. இடம்: ஃபைபர் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து ஜெர்மனியின் ஃபிராங்பர்ட் சுமார் 7,500 கி.மீ. போய் வர 15,000 கி.மீ. கணக்குப் போட்டால் 75 மில்லிசெகண்ட். கேபிள் நேர்கோட்டில் போகாது என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும். எவ்வளவு காசு கொடுத்தாலும் இந்தத் தாமதத்தைக் குறைக்க முடியாது. அதனால் நம்ம ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆட மும்பை, சிங்கப்பூர் மாதிரியான இடங்களில் சர்வர் எடுப்பதுதான் சரி.

5. பொது ஐபி முகவரியும் போர்ட்டும்: ஐபி முகவரி என்பது வீட்டு விலாசம் என்றால், போர்ட் என்பது கதவு எண். பெட்ராக் பதிப்புக்கு யுடிபி 19132, பால்வேர்ல்டுக்கு யுடிபி 8211. இந்தக் கதவைத் திறந்தால்தான் வெளியிலிருந்து உள்ளே வர முடியும். புதிதாகச் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். லினக்ஸின் உள்ளே ஒரு ஃபயர்வால், வாடகை நிறுவனத்தின் பக்கம் இன்னொரு ஃபயர்வால் என இரண்டு பூட்டு இருக்கலாம். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு, சர்வர் வேலை செய்யலையே என்று ராத்திரி முழுக்கத் தேடுவார்கள்.

6. பாதுகாப்பு: சர்வர் இணையத்துக்கு வந்த சில நிமிடங்களிலேயே யாரோ எங்கிருந்தோ பாஸ்வேர்டை ஊகித்து நுழையப் பார்ப்பார்கள். அதனால் தொலைவிலிருந்து உள்ளே நுழைய எஸ்எஸ்ஹெச் சாவி முறையைப் பயன்படுத்தி, பாஸ்வேர்ட் நுழைவை மூடிவிட வேண்டும். கேமை ரூட் கணக்கில் ஓட்டவே கூடாது. அதற்கெனத் தனி யூசர் வேண்டும்.

7. தானாக எழுவதும் பேக்கப்பும்: நீங்கள் தூங்கும்போது சர்வர் நின்றால் யார் மறுபடி ஓட வைப்பது? லினக்ஸில் இருக்கும் சிஸ்டம்டி அதைப் பார்த்துக்கொள்ளும். தினமும் ஒரு பேக்கப்பை வேறு இடத்தில் சேமிப்பதும் கட்டாயம். ரேம் போனால் வாங்கலாம்; நண்பர்கள் ஆறு மாசம் கட்டின கோட்டை போனால் திரும்ப வராது.

ஏன் லினக்ஸ்? உரிமக் கட்டணம் இல்லை. திரையில் எதையும் காட்டத் தேவையில்லாததால் ரேமின் பெரும்பகுதி கேமுக்கே போகும். கிராபிக்ஸ் கார்டும் பொதுவாகத் தேவைப்படாது.

வீட்டு கம்ப்யூட்டர் போதாதா?

வீட்டிலும் செய்யலாம். ஆனால் இந்தியாவில் பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அப்பார்ட்மென்ட்டுக்கு ஒரே கதவு எண், உள்ளே நூறு வீடு என்பது போல. வெளியிலிருந்து வருபவருக்கு உங்கள் வீடு எது என்றே தெரியாது. ரூட்டரில் போர்ட்டைத் திறந்தாலும் பலன் இருக்காது. தனி ஸ்டாட்டிக் ஐபி கேட்டு வாங்க வேண்டும். அப்புறம் கரண்ட் கட் வேறு இருக்கிறது. அதனால்தான் பலரும் வாடகை சர்வருக்குப் போகிறார்கள்.

அப்போ சிக்கல் எங்கே?

மேலே சொன்ன ஏழும் காசு கொடுத்தால் கிடைக்கும், இல்லை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எட்டாவதாக ஒன்று இருக்கிறது: சர்வர் புரோகிராம். அதை நிறுவனம் கொடுத்தால்தான் உண்டு.

'வால்ஹெய்ம்', 'பால்வேர்ல்ட்', 'கவுன்டர் ஸ்ட்ரைக்' கேம்களுக்கு அது கிடைக்கிறது. ஸ்டீம்சிஎம்டி என்ற கருவி மூலம் யாரும் இறக்கிக்கொள்ளலாம். 'தி க்ரூ'வுக்கு அப்படி எதுவும் தரப்படவில்லை. ரசிகர்கள் சிலர் கேமும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதத்தை ஆராய்ந்து, தாங்களே ஒரு மாற்று சர்வரை உருவாக்கி 2025-ல் வெளியிட்டார்கள். நிறுவனத்திடம் ஏற்கெனவே இருந்த ஒன்றை மறுபடி கண்டுபிடிக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. எல்லா கேமுக்கும் இப்படிப்பட்ட ரசிகர்கள் கிடைக்க மாட்டார்கள்.

நிறுவனங்கள் என்ன சொல்கின்றன?

ஐரோப்பிய கேம் நிறுவனங்களின் கூட்டமைப்பான 'வீடியோ கேம்ஸ் ஐரோப்பா' 2025 ஜூலையில் பதில் அளித்தது. தனியார் சர்வர்களில் வீரர்களின் தகவல் பாதுகாப்பு, சட்டவிரோதப் பதிவுகளை நீக்குவது போன்றவை இருக்காது. பழி உரிமையாளர் மீது வரும். பல கேம்கள் ஆரம்பத்திலிருந்தே ஆன்லைனுக்காக மட்டுமே கட்டப்பட்டவை. செலவு கூடும் என்பது அதன் வாதம்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய ஆன்லைன் கேம் என்பது ஒற்றை புரோகிராம் அல்ல. லாகின், ஆள் சேர்ப்பது, கடை, தரவுத்தளம் எனப் பல துண்டுகள். அவற்றில் சில வேறு நிறுவனங்களிடம் உரிமம் வாங்கியவை. கடைசி நாளில் இதையெல்லாம் பிரித்தெடுப்பது கஷ்டம்தான்.

ஆனால் இயக்கத்தினர் கேட்பது, இனிமேல் வரும் கேம்களை முதல் நாளிலேயே இதை மனதில் வைத்துக் கட்டுங்கள் என்பதைத்தான். முடியாத காரியமும் இல்லை. 'நாக்அவுட் சிட்டி' கேமின் சர்வர்கள் 2023 ஜூனில் மூடப்பட்டபோது, கணினியில் சொந்த சர்வர் வைத்து ஆடும் பதிப்பு இலவசமாகத் தரப்பட்டது. யூபிசாஃப்ட்டே கூட, எதிர்ப்புக்குப் பிறகு 2024 செப்டம்பரில் 'தி க்ரூ 2', 'மோட்டார்ஃபெஸ்ட்' இரண்டுக்கும் ஆஃப்லைன் வசதி தருவதாக அறிவித்தது.

நமக்கு இதில் என்ன?

2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்கு இந்தியாவில் தடை வந்ததும், அக்டோபர் 30-ல் சர்வர் நின்றதும் பலருக்கு மறந்திருக்காது. அங்கே காரணம் அரசுத் தடை, இங்கே நிறுவனத்தின் முடிவு. ஆனால் ஸ்கின் வாங்க காசு போட்டவருக்கு மிஞ்சியது ஒன்றுதான்: போன் கையில் இருக்கிறது, கேம் இல்லை. நம் போனில் ஓடுவது பாதி கேம்தான். மீதிப் பாதி யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், டிஜிட்டல் பொருளை விற்கும் கடைகள் நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அது வரும் முன், நாமே பார்த்துக்கொள்ள வேண்டியவை மூன்று:

* இணையம் இல்லாமல் தனியாக ஆட முடியுமா?
* டெடிகேட்டட் சர்வர் புரோகிராமை நிறுவனம் தருகிறதா? அது லினக்ஸில் ஓடுமா?
* இரண்டுக்கும் இல்லை என்றால், கொடுக்கும் காசு விலை அல்ல, வாடகை என்று நினைத்துக் கொடுக்க முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்றால் தாராளமாக வாங்குங்கள். இல்லை என்றால், முதல் இரண்டில் ஒன்றாவது இருக்கும் கேமைத் தேடுவது நல்லது.