போடிமெட்டு இறக்கமும் புது லாரியும்

போடிமெட்டு மலையடியில், முந்தலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் ஒருவரிடம், "புது வண்டி எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டேன். முப்பது வருஷமாக ஸ்டேரிங் பிடிப்பவர். முதலாளி புதிதாக எடுத்துக் கொடுத்த பி.எஸ்.6 வண்டியில் மேலே உரமூட்டை இறக்கிவிட்டு, மரத்தடி லோடோடு அப்போதுதான் இறங்கி வந்திருந்தார். "ஏறுறது தெரியவே மாட்டேங்குது தம்பி. இறங்குறது மட்டும் அன்னைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கு" என்றார்.

லாரி ஓட்டாதவர்களுக்கு இது விளங்காது. லாரி வாங்கிவிடும் முதலாளிகள் சிலருக்கும் விளங்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். புது வண்டியில் எல்லாம் இருக்கிறது, இனி மலைப்பாதையில் பயமில்லை என்ற பேச்சைப் பல இடங்களில் கேட்டுவிட்டேன். அதில் பாதி சரி. மீதிப் பாதி ஆபத்தானது.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85, போடிநாயக்கனூரைத் தாண்டி முந்தலில் மலையைத் தொடுகிறது. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில் போடிமெட்டு, அதுவே கேரள எல்லை. அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று ஏலத்தோட்டங்கள். சுமார் 20 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். அரிசியும் காய்கறியும் சிமெண்டும் உரமும் மேலே போகின்றன. ஏலக்காயும் மிளகும் மரமும் கீழே வருகின்றன. லாரிகள் வருவதற்கு முந்திய காலத்தில் மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டக்குடிக்குக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு இறக்கி, அங்கிருந்து வண்டி கட்டிப் போடிக்குக் கொண்டு வந்தார்கள். பாரத்தை இந்த மலையிலிருந்து இறக்குவது அன்றைக்கே தனிப் பாடாக இருந்திருக்கிறது.

ஏற்றம் ஏன் சுலபமாயிற்று என்பதை வண்டியின் முகப்பில் எழுதியிருக்கும் எண்ணே சொல்லும். டாடா 1612 என்றால் ஏறக்குறைய 16 டன் மொத்த எடை, 120 குதிரைத்திறன் என்று பொருள். இன்றைய 1918 என்றால் 19 டன் வகை, 180 குதிரைத்திறன். எடை கூடிய அளவைவிட இன்ஜினின் வலு அதிகமாகக் கூடியிருக்கிறது. டர்போவும் மின்னணு முறையில் டீசல் தெளிப்பதும் சேர்ந்து, குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைக்கிறது. அந்தக் காலத்து வண்டியில் ஒவ்வொரு வளைவிலும் முதல் கியருக்கு இறங்கி, ரேடியேட்டர் கொதித்தால் ஓரங்கட்டி, கிளீனர் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டு, தண்ணீர் ஊற்றி ஆறவைத்து ஏறினார்கள். இன்று வளைவில் கியரைக் குறைத்து, பவர் ஸ்டேரிங்கை ஒரு கையால் ஒடித்துவிட்டுப் போகிறார்கள். கட்டை போடக் கிளீனரும் பெரும்பாலான வண்டிகளில் இல்லை.

கேபினைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஓட்டுநர்களுக்கு நியாயம் செய்ததாகாது. வெறும் சேசிஸை வாங்கி வந்து, நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் மரமும் தகடும் வைத்துக் கேபின் கட்டிய காலம் நெடுங்காலம். கைத்தொழிலாக அது அழகுதான். ஆனால் இன்ஜின் சூடு காலருகே ஏறும், சத்தத்தில் காது அடைத்துப்போகும், இருக்கை ஒவ்வொரு குழியையும் முதுகெலும்புக்கு அனுப்பிவைக்கும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. அதைச் சொகுசு என்று சொல்பவர்கள் சித்திரை வெயிலில் தேனி ரோட்டில் லோடு வண்டி ஒரு நாள் ஓட்டிப் பார்க்கட்டும். களைப்பில்லாத ஓட்டுநர் பிரேக்கை ஒரு நொடி முன்னால் மிதிப்பார். நம் உயிருக்கும் அந்த ஒரு நொடி வேண்டியிருக்கிறது.

ஏற்றத்தில் ஒரே ஒரு புதுத் தொல்லை உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தபின், பெரிய டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்ய ஒரு கரைசல் ஊற்றவேண்டும். 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த நீர். ஓட்டுநர்கள் அதை யூரியா என்றே சொல்கிறார்கள். வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதிலுள்ள மாசு தெளிப்பானை அடைத்துவிடும். கரைசல் தீர்ந்தாலோ தரம் கெட்டாலோ, கணினி இன்ஜினின் வலுவைக் குறைத்துவிடும். சமவெளியில் இது வெறும் தாமதம். லோடு வண்டி பத்தாவது வளைவில் வலுவிழந்தால், மேலே போகும் வண்டியும் கீழே வரும் வண்டியும் அதைத் தாண்ட முடியாமல் கட்டிப்போட்ட மாதிரி நிற்கும். பழைய வண்டியைச் சாலையோரத்திலேயே சரிசெய்த மெக்கானிக்குக்கு இந்தக் கோளாறில் கை வைக்க ஸ்கேனர் கருவி வேண்டும். ஆகவே யூரியா அளவைப் போடியிலேயே பார்த்துவிட்டு ஏறுவதே புத்தி.

இனி இறக்கம்.

18.5 டன் எடையுள்ள ஒரு வண்டி 1,000 மீட்டர் கீழே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தனை உயரத்தில் அது சேர்த்துவைத்திருந்த ஆற்றல் முழுவதும் எங்காவது போயாக வேண்டும். வேகமாகப் போகக்கூடாது என்பதால் அது சூடாகத்தான் போகும். அந்தச் சூட்டைக் கணக்குப் பார்த்தால், 200 லிட்டர் பீப்பாய் மூன்று நிறையத் தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிக்கவைக்கலாம். டயர் உருள்வதிலும் காற்றிலும் ஒரு பங்கு கழியும். மற்றதையெல்லாம் பிரேக்கிலேயே பிடித்து இறங்கினால், நான்கு சக்கர டிரம்களும் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் அடுப்புகளாக எரியவேண்டியிருக்கும்.

டிரம் சூடானால் விரியும். விரிந்தால் உள்ளே இருக்கும் லைனிங்கை விட்டு விலகும், பெடல் இன்னும் ஆழமாகப் போகும். லைனிங்கும் சூட்டில் தன் பிடிப்பை இழக்கும். கருகிய வாடை அடிக்கும்போது பாதி பிரேக் போய்விட்டது என்று பொருள். இதில் எந்த உறுப்பும் உடையவில்லை, எந்தக் குழாயும் அறுபடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். விபத்துக்குப் பிறகு பிரேக் பிடிக்கவில்லை என்று செய்தி வரும். வண்டியைச் சோதித்தால் பிரேக் நன்றாக இருக்கும், ஏனென்றால் அதற்குள் ஆறிவிட்டிருக்கும்.

'ஏறுற கியர்லதான் இறங்கணும்' என்று பழைய ஓட்டுநர்கள் கிளீனர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்ததற்குக் காரணம் இதுதான். சிறிய கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக்குக்கு வேலை குறையும். இன்றைய லாரிகளில் எக்ஸாஸ்ட் பிரேக்கும் துணைக்கு இருக்கிறது. புகைக்குழாயை ஒரு தகடு அடைத்துக்கொள்ள, வெளியேற வழியில்லாத காற்றை அழுத்தி அழுத்தியே இன்ஜின் களைக்கிறது. அந்தக் களைப்புதான் வண்டிக்குப் பிடிமானம். ஆனால் இன்ஜின் வேகமாகச் சுழன்றால்தான் அது முழுதாக வேலை செய்யும். பெரிய கியரில் போட்டுவிட்டு எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்சைத் தட்டினால் பேருக்குத்தான் பிடிக்கும். இன்ஜின் கத்துகிறதே என்று புது ஓட்டுநர்கள் பயந்து கியரைக் கூட்டிவிடுகிறார்கள். மீட்டரின் சிவப்புக் கோட்டைத் தாண்டாதவரை அந்தக் கத்தல் நல்லது. தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டியாக இருந்தால், இறக்கத்தில் அதைக் கைமுறைக்கு மாற்றிச் சிறிய கியரிலேயே நிறுத்திவைக்கவேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. நம் டாடா லாரிகள் பலவற்றில் இருக்கும் கம்மின்ஸ் இன்ஜினுக்குப் பெயர் கொடுத்த கிளெஸ்ஸி கம்மின்ஸ், 1931ல் தன் டீசல் லாரியில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார். கலிபோர்னியாவில் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் சூடேறிக் கைவிட்டுவிட்டது. கீழே ரயில்வே கேட், அதில் சரக்கு ரயில் கடந்துகொண்டிருந்தது. ரயிலின் கடைசிப் பெட்டி விலகிய மறுகணம் லாரி தண்டவாளத்தைத் தாண்டியது. அந்தத் திகிலை அவர் மறக்கவில்லை. இன்ஜினையே முழு பிரேக்காக மாற்றும் கருவியைப் பிற்காலத்தில் வடிவமைத்தார், 1961ல் அது விற்பனைக்கு வந்தது. இன்ஜின் செய்தவரே இறக்கத்தில் இன்ஜினைத்தான் நம்பவேண்டும் என்று கற்றுக்கொண்டது ஒரு மலைச்சரிவில்.

நியூட்ரலில் விட்டு இறங்கும் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்லவேண்டும். டீசல் மிச்சம் என்பதுதான் காரணம். கிலோமீட்டருக்கு இவ்வளவு டீசல் என்று கணக்குப் பார்த்து, கூடினால் சம்பளத்தில் பிடிக்கும் முதலாளிகள் இருக்கும்வரை இந்த ஆசை போகாது. பழைய பம்பு வண்டிகளிலேயே இந்தக் கணக்கு அவ்வளவு சரியில்லை. இன்றைய வண்டியில் முழுத் தப்பு. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றுகிறது என்று தெரிந்துகொண்டு கணினி டீசலை அறவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆக, கியரில் இறங்குபவர்தான் டீசலை மிச்சப்படுத்துகிறார். நியூட்ரலில் இறங்குபவர் டீசலையும் செலவழித்து, இன்ஜின் பிடிமானத்தையும் இழந்து, எக்ஸாஸ்ட் பிரேக்கையும் இழந்து, எல்லாச் சுமையையும் டிரம் தலையில் ஏற்றுகிறார். வேகம் கூடியபின் மறுபடி கியர் போட முயன்றால் பெரும்பாலும் விழாது.

ஏ.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். 2015 முதல் புதிய கனரக லாரிகளில் அது கட்டாயமாக்கப்பட்டது, நல்ல காரியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறையிலிருந்து தண்ணீர் வழியும் வளைவில் திடீரென்று மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்காமல் அது காக்கும். ஆனால் சக்கரத்தில் பிடிப்பு இருந்தால்தானே அதை அளந்துவிட முடியும்? சூட்டில் பிடிப்பே போன டிரம்முக்கு ஏ.பி.எஸ். ஒன்றும் செய்யாது. காற்று இறங்கிவிட்டால் ஸ்பிரிங் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும் என்று இன்னொரு தைரியம். அது உண்மைதான், கேஜில் காற்று குறைந்தால் பின்சக்கரத்தில் ஸ்பிரிங் விழும். விழுந்தாலும் அது அழுத்தப்போவது அதே லைனிங்கை, அதே சூடான டிரம்மின்மேல்தான்.

சூடேறிய டிரம்மில் தண்ணீர் ஊற்றி ஆறவைக்கவும் கூடாது, வார்ப்பிரும்பு வெடிப்பு விடும். இடையில் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, தானாக ஆறவிடுவதே வழி.

முந்தலில் நான் கண்ட ஓட்டுநருக்குப் புது வண்டியைக் கையில் கொடுத்தபோது, திரையில் என்ன விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று அரை மணி நேரம் காட்டினார்களாம். இறக்கத்தில் எந்தச் சுற்றில் எந்தக் கியர் என்று யாரும் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, அவர் உடம்பே அறியும். ஆனால் சமவெளியில் நான்குவழிச் சாலையில் மட்டும் ஓட்டிப் பழகி, முதல்முறையாக மூணாறு லோடு எடுக்கும் 25 வயதுப் பையனுக்கு யார் சொல்வது? முன்பெல்லாம் அவன் கிளீனராக நான்கைந்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து, காதாலேயே இதைக் கற்றிருப்பான். கிளீனரை வேண்டாம் என்றபோது அந்தப் பள்ளிக்கூடத்தையும் நாம் மூடிவிட்டோம். லட்சக்கணக்கில் கொட்டி வண்டி எடுக்கும் முதலாளிகள், மலைக்கு முதன்முதலாகப் போகும் ஓட்டுநரோடு ஒரு மூத்த ஓட்டுநரை இரண்டு நடைக்கு அனுப்பிவைக்கட்டும். அதற்கு ஆகும் கூலி ஒரு டயரின் விலைகூட இருக்காது. டீசல் கணக்கில் மலைப்பாதைக்கென்று தனிக் கணக்கு வைக்கட்டும்.

காரில் போகும் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு வழிவிடவேண்டும் என்பது சாலை விதி, அதைப் பலரும் அறிவோம். இறங்கும் லாரியைப் பற்றித்தான் பொறுமையிழந்துவிடுகிறோம். அடுத்தமுறை போடிமெட்டிலிருந்து இறங்கும்போது உங்களுக்கு முன்னால் ஒரு லோடு லாரி, இன்ஜின் உறுமலோடு ஆள் ஓடும் வேகத்தில் போனால், அந்த ஓட்டுநர் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறார். ஹாரன் அடிக்காதீர்கள். வளைவில் முந்திப்போய் அவர் மூக்குக்கு முன்னால் பிரேக் போடாதீர்கள். முந்தல் வரை பின்னாலேயே வாருங்கள்.