யாரை யாரோடு ஒப்பிட்டீர்கள்?

“மில்லில் வைத்தியப் பரிசோதனை நடத்தினோம். பஞ்சுத் தூசால் தொழிலாளிக்குத் தீங்கு என்று புள்ளிவிவரம் நிரூபிக்கவில்லை.” இப்படி ஒரு காகிதத்தை நிர்வாகம் நீட்டினால் நாம் என்ன செய்கிறோம்? கணக்குப் படித்தவர்கள் சொல்லிவிட்டார்கள், இருமுகிறவன் என்ன பதில் சொல்ல முடியும் என்று திரும்பி வந்துவிடுகிறோம்.

திரும்ப வேண்டியதில்லை, தோழர்களே! எந்த முறையில் கணக்குப் போட்டார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. முறை தவறினால் கண் முன்னால் இருக்கும் நோயும் கணக்கில் காணாமல் போய்விடும்.

இதற்கு நம் தொழிலிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. பிரிட்டனில் லங்காஷயர் நூற்பாலைகளில், பஞ்சைச் சுத்தம் செய்யும் கார்டு ரூமில் வேலை செய்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக நோயில் விழுகிறார்களா என்று ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் என்ற புள்ளிவிவர நிபுணர் ஆராய்ந்தார். 1930ல் அவருடைய அறிக்கை வெளிவந்தது.

அவர் கார்டு ரூம் தொழிலாளியை ஊரிலுள்ள பொது ஜனங்களோடு ஒப்பிடவில்லை. ஏன்? ஊர் ஜனங்களில் கிழவர், நோயாளி, படுக்கையில் கிடப்பவர் எல்லாரும் உண்டு. மில்லோ திடமான ஆளைப் பார்த்துத்தான் வேலைக்கு எடுக்கிறது. மூச்சு முட்டியவன் தானே விலகிப் போகிறான். இந்த இரண்டையும் ஒப்பிட்டால் தூசு தின்பவனே ஆரோக்கியசாலி என்று கணக்கு வந்துவிடும்! ஆகவே ஹில், அதே மில்லில் தூசு குறைந்த இடத்தில் வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டார். ஆண்களைத் தனியாக, பெண்களைத் தனியாக, வயதுவாரியாகப் பிரித்து, இன்ஷூரன்ஸ் பதிவேடுகளிலிருந்து கணக்கெடுத்தார்.

முடிவு என்ன? 30 முதல் 60 வயது வரை, சுவாச நோய்கள் கார்டு ரூமில் மூன்று மடங்குக்கும் மேல். மற்ற நோய்களில் வித்தியாசமே இல்லை. இந்த இரண்டாவது விஷயத்தைக் கவனியுங்கள். “இவர்களுக்கு லீவு போடுவதில் ஆசை” என்பது முதலாளிகளின் பழைய பாட்டு. லீவு ஆசைதான் காரணமென்றால் வயிற்றுவலியும் காய்ச்சலும்கூட அங்கே அதிகமாக இருக்க வேண்டாமா? மார்பு மட்டும் ஏன் கெடுகிறது?

1965ல் லண்டனில் பேசியபோது ஹில் இந்தப் பழைய அறிக்கையை நினைவு கூர்ந்தார். அதில் 36 அட்டவணைகள். ஆனால், ‘இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா’ என்று பார்க்கும் சோதனையை ஓரிடத்தில்கூடத் தாம் பயன்படுத்தவில்லை என்றார். வித்தியாசம் அவ்வளவு பட்டவர்த்தனமாக இருந்தது.

அந்தச் சோதனை கெட்டது என்று நான் சொல்லவில்லை. அது ஒரு தராசு. மூட்டை நிறுக்கும் தராசில் மூக்குத்தியை வைத்தால் முள் அசையாது. அதற்காக மூக்குத்தி இல்லை என்று ஆகிவிடுமா? இருபது பேரை மட்டும் ஊதச் சொல்லிவிட்டு “நிரூபணமாகவில்லை” என்பது இந்த வகை நிறுவைதான். நிரூபணமாகவில்லை என்பது வேறு, தீங்கு இல்லை என்பது வேறு.

இன்னொரு தந்திரம் சராசரி. ஆயிரம் பேர் உள்ள மில்லில் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் நூறு பேர், அதில் முப்பது பேருக்கு மார்பு இறுக்கம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு முப்பது! ஆபீஸ் குமாஸ்தா வரை எல்லாரையும் சேர்த்து வகுத்தால் நூற்றுக்கு மூன்று.

எந்த நாளில் சோதிப்பது என்பதும் முக்கியம். பஞ்சுத் தூசு நோயான பைசினோசிஸ், ஆரம்பத்தில் வார ஓய்வு முடிந்து வேலைக்கு வரும் முதல் நாளில்தான் மார்பை இறுக்கும். அடுத்த நாட்களில் தணியும். வியாழக்கிழமை வந்து ஊதச் சொல்கிறவர் எதைக் காண்பார்? அதோடு, ஒருவர் மூச்சை இன்னொருவர் மூச்சோடு ஒப்பிட்டாலும் போதாது. உயரம், வயது, பீடி எல்லாம் குறுக்கே வரும். ஒரே ஆளின் மூச்சை ஷிப்டுக்கு முன்னும் பின்னும் அளந்து, அவனை அவனோடேயே ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் 1978ல் வந்த பஞ்சுத் தூசு விதி இப்படித்தான் சொல்கிறது: குறைந்தது 35 மணி நேரம் தூசு படாமல் இருந்த பிறகு, வேலைக்கு முன் ஒரு தடவை, வேலை தொடங்கிய 4 மணிக்கு மேல் 10 மணிக்குள் இன்னொரு தடவை. ஆலை முதலாளிகள் அந்த விதியை எதிர்த்து வழக்காடினார்கள். 1981ல் சுப்ரீம் கோர்ட் விதியை நிலைநிறுத்தியது.

விவசாயத் தொழிலாளித் தோழர்களே, இதில் உங்களுக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். மில் விடுதியில் இரண்டு மூன்று வருஷம் தங்கி வேலை செய்துவிட்டு இருமலோடு ஊர் திரும்புவது உங்கள் பெண்கள்தான். திரும்பியதும் அவள் விவசாயக் கூலி என்று பதிவாகிறாள். மில் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறாள். வேலையில் இருப்பவரை மட்டும் எண்ணும் எந்த ஆராய்ச்சியும், ஹில்லுடையது உட்பட, நோயைக் குறைத்துத்தான் காட்டும்.

பைசினோசிஸ் சட்டத்தில் தொழில்நோயாக எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டு வாங்க நமக்குச் சரியான கணக்கு வேண்டும். சங்கங்கள் இப்போதே ஒரு நோட்டுப் போடட்டும்: ஐந்து வருஷத்தில் புளோ ரூமையும் கார்டிங்கையும் விட்டுப் போனவர் யார், எந்த ஊர், என்ன உபத்திரவத்தால் போனார். அடுத்த முறை டாக்டர்கள் மில்லுக்கு வரும்போது அந்த நோட்டை அவர்கள் மேஜையில் வைப்போம்.