சுற்றுச்சூழல் படிப்பு: இங்கே சம்பளம் போடுவது ஆர்வம் இல்லை, சட்டம்!

"தம்பி என்விரான்மென்டல் சயின்ஸ் படிக்கணும்னு சொல்றான். ஃபீஸ் நான்தான் கட்டணும். கட்டலாமா?"

வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆன பலருக்கும் இந்தக் கேள்வி வீட்டிலிருந்தே வருகிறது. வீடியோவில் ரெண்டு நிமிஷத்தில் தாண்டிப் போனதை இங்கே நிதானமாகப் பேசிடலாம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். கட்டலாம். ஆனா, இந்தத் துறையில் பணம் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டு கட்டுங்க.

காலேஜ்ல நீங்களும் 'ஈவிஎஸ்' பேப்பர் எழுதியிருப்பீங்க. முந்தின நாள் ராத்திரி படிச்சே பாஸ் பண்ற பேப்பர். அது சிலபஸுக்குள் வந்ததே கோர்ட் வழியாகத்தான். எம்.சி. மேத்தா வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. அதன் தொடர்ச்சியாகத்தான் யுஜிசி எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் அதைக் கொண்டு வந்தது. பாடம் மட்டுமில்லை, இந்தத் துறையின் வேலைகளும் பெரும்பாலும் அப்படித்தான் பிறக்கின்றன.

சட்டம் வந்தால் வேலை வரும்

பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கழிவைச் சுத்திகரிக்காமல் தொழிற்சாலை ஓடக் கூடாது என்ற நிலை வந்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்பதுதான் நிபந்தனை. சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்ட, தண்ணீரை டெஸ்ட் பண்ண, ரிப்போர்ட் எழுத ஆள் வேணும் இல்லையா? அங்கேதான் சம்பளம்.

2006-ம் ஆண்டு அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேணும். அதனால் கன்சல்டன்சி நிறுவனங்களுக்கு வேலை. 2022-23 முதல், சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் இருக்கும் பட்டியலிட்ட நிறுவனங்கள் 'பிஆர்எஸ்ஆர்' அறிக்கை தர வேண்டும் என்று செபி சொன்னது. அதனால் கார்ப்பரேட் வேலை.

இதையே இன்னொரு பக்கமிருந்து பாருங்க. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரையெல்லாம் மூழ்கியபோது, கோட்டூர்புரம் முதல் தி.நகர் வரைக்கும் எல்லாரும் சுற்றுச்சூழல் பேசினோம். அந்த அக்கறை உண்மையானது. ஆனா அக்கறை மட்டும் பே ஸ்லிப் அடிக்காது. அரசு ஒரு விதியைத் தளர்த்தினா, அதை நம்பியிருக்கிற வேலைகளும் சுருங்கும். செக்டார் ஃபண்ட் மாதிரிதான்: பாலிசி சாதகமா இருந்தா ஏறும், இல்லைன்னா படுத்துடும்.

அப்போ எதைப் படிக்கணும்?

செக்டார் ஃபண்டில் மொத்தப் பணத்தையும் போட மாட்டோம் இல்லையா? இங்கேயும் அதே விதி. இளநிலையில் கெமிஸ்ட்ரி, சிவில், ஜியாலஜி, தாவரவியல் என்று ஏதாவது ஒரு அடிப்படை. அதற்கு மேல் சுற்றுச்சூழலில் முதுநிலை. கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனி மையம் இருக்கு.

எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கிறது நல்லதுதானேன்னு கேட்கலாம். நல்லதுதான், பார்வை விரியும். ஆனா தாக்க மதிப்பீட்டு நிறுவனத்தில் காற்றுக்கு ஒருத்தர், தண்ணீருக்கு ஒருத்தர், உயிரினங்களுக்கு ஒருத்தர்னு தனித்தனி நிபுணர்களைத்தான் கேட்கிறாங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019-ல் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணிக்கு ஆள் எடுத்தபோது, எம்எஸ்சி கெமிஸ்ட்ரி படிச்சவங்களும் விண்ணப்பிக்க முடிந்தது. டிகிரியின் பெயர் உங்க தம்பிக்குத் தனி வேலி எதுவும் போட்டுத் தராது.

உங்க பாக்கெட் கணக்கு

உதாரணத்துக்கு 6 லட்சம் கல்விக் கடன், 11% வட்டி, 7 வருஷம்னு வச்சுக்குவோம். மாதத் தவணை சுமார் ₹10,270. மொத்தம் கட்டுவது சுமார் ₹8.6 லட்சம். ஆரம்பச் சம்பளம் 20,000 ரூபாய்ன்னா, பாதி அதிலேயே போயிடும்.

அடுத்தது, நிறைய அண்ணன், அக்காக்களுக்குத் தெரியாதது. எய்ட்டி ஈ என்று நாம் சொல்லிப் பழகிய கல்விக் கடன் வட்டிச் சலுகை தனக்கும், கணவன் அல்லது மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், சட்டப்படி தான் கார்டியனாக இருக்கும் மாணவருக்கும்தான். தம்பி, தங்கைக்கு வாங்கினால் கிடையாது. புதிய வரி முறையில் இருந்தால் யாருக்காக வாங்கினாலும் கிடையாது. கோ-அப்ளிகன்ட்டாகக் கையெழுத்துப் போட்டால் அந்தக் கடன் உங்க சிபில் ரிப்போர்ட்டிலும் ஏறும். நாளைக்கு வீட்டு லோன் கேட்கும்போது பேங்க் அதையும் கணக்கில் எடுக்கும்.

நீங்களே வேலையை விட்டுட்டு இதில் எம்எஸ்சி சேர நினைச்சா, ஃபீஸைவிடப் பெரிய செலவு ரெண்டு வருஷச் சம்பளம். நீங்க வேலை செய்வது பட்டியலிட்ட நிறுவனமா? முதலில் உங்க ஆபீஸில் பிஆர்எஸ்ஆர் அறிக்கையை யார் தயாரிக்கிறாங்கன்னு விசாரிங்க. கரண்ட் பில், டீசல், தண்ணீர்க் கணக்கைத் திரட்டி எண்ணாக மாற்றுவதுதான் அதில் பெரிய வேலை. அக்கவுன்ட்ஸ்காரங்களுக்கு அது கைவந்த கலை. வேலையை விடாமலே உள்ளே நுழையலாம்.

தம்பி விஷயத்துக்கு வருவோம். பணம் கட்டும் முன் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "படிச்சு முடிச்சதும், எந்தச் சட்டத்தை நிறைவேற்ற உன்னை வேலைக்கு எடுப்பாங்க?" பதில் சொன்னால் தைரியமா கட்டுங்க. சொல்லத் தெரியலைன்னா திட்டாதீங்க. ஒரு வாரம் டைம் கொடுத்துத் தேடிட்டு வரச் சொல்லுங்க. அந்த ஒரு வாரத்துக்கு ஃபீஸ் கிடையாது.